‘ஏர்கன்தானே!’ என்று இருந்துவிடலாமா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மொட்டை மாடிகளிலும் புறவாசல்களிலும் ஏர்கன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்தது, ஆன்லைனில் ஆர்டர் போட்டது, பழையதாக யாரிடமோ விலைக்கு வாங்கியது என்று ஏதோ ஒரு வழியில் அது வீட்டுக்குள் வந்துவிடுகிறது. “லைசென்ஸே கேட்காத துப்பாக்கி, காற்றில் சுடுவது, என்ன செய்துவிடப் போகிறது?” என்பதுதான் பல வாப்பா, உம்மாக்களின் எண்ணம். கந்தூரிக் கடைவீதியில் பலூன் சுட்ட பழக்கம் அந்த எண்ணத்தை இன்னும் உறுதியாக்கிவிடுகிறது. அந்தத் துப்பாக்கியின் உண்மையான பலம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் இந்த அலட்சியம் வராது.

காற்றுக்கு இத்தனை பலமா?

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது ஸ்பிரிங் வகை. குழலை மடக்கி இழுக்கும்போது உள்ளே வலுவான ஸ்பிரிங் ஒன்று சுருண்டு பூட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் விடுபட்டுப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நொடியில் நசுக்க, நசுங்கிய காற்று ஈயக் குண்டைத் தள்ளி வெளியே அனுப்புகிறது.

இன்னொரு வகையில் காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் உருளை இருக்கும். கார் டயரில் சுமார் 2 பார் அழுத்தத்தில் காற்று அடிக்கிறோம். இந்த உருளையில் அடைப்பது 200 பார், அதாவது டயரைப் போல நூறு மடங்கு.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1780 வாக்கிலேயே ஆஸ்திரிய ராணுவம் ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியைப் போர்வீரர்களுக்குக் கொடுத்திருக்கிறது. மருந்து இல்லாத துப்பாக்கி என்பதால் அதை விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட முடியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஏர்கன் குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஓர் உளுந்து அளவு. எடை சுமார் அரை கிராம். இந்தச் சின்னப் பொருள் நொடிக்கு 280 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகம். அப்போது அதன் ஆற்றல் 19.6 ஜூல். இரண்டு கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விட்டால் கிடைப்பதும் இதே ஆற்றல்தான்.

“இவ்வளவுதானா?” என்று தோன்றலாம். அரிசிப் பை விழும்போது அந்தப் பலம் உள்ளங்கால் அளவு இடத்தில் பரவிவிடும். குண்டிலோ அத்தனை பலமும் ஓர் உளுந்தின் முனையில் குவிகிறது. கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் கிழியாத சாக்கைக் கோணி ஊசி சுலபமாகத் துளைத்துவிடுவதும் இதனால்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். அதே குண்டு நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் போனால் 4.9 ஜூல்தான். 280 மீட்டர் என்றால் 19.6 ஜூல். இரண்டு துப்பாக்கிகளும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். பலூன் கடைத் துப்பாக்கியை மனதில் வைத்து வீட்டுத் துப்பாக்கியை எடைபோடுவது இங்கேதான் பிசகுகிறது.

உடம்பில் பட்டால்

நொடிக்கு 100 மீட்டர் வேகத்தைத் தாண்டினாலே குண்டு மனிதத் தோலைத் துளைக்கக்கூடும். கண்ணுக்கு அதைவிடக் குறைந்த வேகமே போதும். பிள்ளைகளின் நெற்றிப் பொட்டு எலும்பு மெலிதானது. விலா எலும்புகளின் இடைவெளி வழியே குண்டு நுரையீரலையும் இதயத்தையும் எட்டலாம். இவ்வகைத் துப்பாக்கிகளால் தங்கள் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4 பேர் இறப்பதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. நொடிக்கு 350 அடி, அதாவது 107 மீட்டருக்கு மேல் வேகமுள்ளவற்றை 16 வயதுக்கு உட்பட்டவர்களிடம் கொடுக்கக் கூடாது என்பதும் அதன் அறிவுரை. நாம் மேலே கணக்குப் போட்டது அதைப் போல இரண்டரை மடங்கு வேகம்.

குறி தவறிய குண்டு 300 மீட்டருக்கு மேலும் போகும். மேலப்பாளையம், பேட்டை போலச் சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் 300 மீட்டருக்குள் எத்தனை மாடிகள், எத்தனை கொடிகளில் துணி காயப்போடும் பெண்கள், எத்தனை பிள்ளைகள்! பால்ரஸ் எனப்படும் இரும்புக் குண்டுகள் கான்கிரீட் சுவரில் பட்டு, சுட்டவர் பக்கமே திரும்பி வரும்.

2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்து, சில நாட்களில் அவன் உயிர் பிரிந்தது. அது படையினரின் துப்பாக்கி, ஏர்கன் அல்ல. ஆனால் பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். சுடுகிறவர் இலக்கை மட்டும் பார்க்கிறார். குண்டு இலக்கோடு நின்றுவிடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு (4.5 மில்லிமீட்டர்) மேற்படாமலும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால்தான் லைசென்ஸ் தேவையில்லை. 0.22 அங்குலத் துப்பாக்கியாக இருந்தாலோ, ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டினாலோ சிக்கல்தான். ஜெர்மனியில் லைசென்ஸ் இல்லாத வரம்பு 7.5 ஜூல், இங்கிலாந்தில் ரைபிளுக்குச் சுமார் 16 ஜூல். நம் நாட்டில் லைசென்ஸ் கேட்காத துப்பாக்கி, அங்கே லைசென்ஸ் கேட்கும் பலத்தில் இருக்கலாம்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்கு எங்கும் சுடலாம் என்று பொருள் இல்லை. கவனக்குறைவால் ஒருவரின் ஒரு கண் நிரந்தரமாகப் போனாலே சட்டப்படி அது கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதா 125ஆம் பிரிவில் இதற்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உயிர் போனால் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை.

வயலுக்கு வரும் மயிலை விரட்டுகிறேன் என்று சுட்டால் வழக்கு இன்னும் கடுமை. மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள். பாபநாசம், காரையாறு, மணிமுத்தாறு என்று குடும்பத்தோடு வேனில் போகிறவர்கள் ஏர்கன்னை எடுத்துப் போகவே கூடாது. அந்த மலைப்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. எழுத்துமூல அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டு போவதே குற்றம். நம் மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட ஊர்மக்கள் வெடி போடுவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மார்க்கத்தின் பார்வையில்

சிறு கற்களைச் சுண்டி எறிவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைக்கும் பயன்படாது, எதிரியையும் வீழ்த்தாது, கண்ணையும் பல்லையும்தான் சேதப்படுத்தும் என்று காரணமும் சொன்னார்கள். உயிருள்ள பிராணியைக் குறிபார்க்கும் இலக்காக நிறுத்துவதும் தடுக்கப்பட்டதே. ஈயக் குண்டு பட்டு, அறுப்பதற்கு முன்பே செத்துவிட்ட பறவையை உண்ணக் கூடாது என்பதே நம் பகுதியில் பின்பற்றப்படும் மத்ஹபுகளின் பெரும்பான்மைத் தீர்ப்பு. மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் ஏற்கெனவே இருந்தால்

• பூட்டிய அலமாரியில் வையுங்கள். குண்டு டப்பா வேறிடத்தில் இருக்கட்டும். சாவி பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

• குண்டு இல்லை என்று தெரிந்தாலும் இருப்பதாகவே நினையுங்கள். விளையாட்டுக்குக்கூட யார் பக்கமும் நீட்ட வேண்டாம்.

• மொட்டை மாடியிலிருந்து ஒருபோதும் சுடக் கூடாது. தண்ணீர்ப் பரப்பையும் கல், கான்கிரீட் சுவரையும் நோக்கிச் சுடக் கூடாது.

• ஊருக்கு வெளியே சொந்த இடம் இருந்தாலும், இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடோ, மணல் மூட்டை அடுக்கோ இல்லாமல் சுட வேண்டாம். கண்ணாடி அணியாமலும் சுட வேண்டாம்.

• குண்டு ஈயம். வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் கூடாது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பையனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் முறையான பயிற்சிக் கூடத்தில் சேர்த்துவிடுங்கள். அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் எடுத்ததும் 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். அந்தப் போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல். அதையே அவர்கள் தடுப்புச் சுவரும் கட்டுப்பாடும் உள்ள அரங்கில்தான் சுடுகிறார்கள்.

அடிபட்டுவிட்டால்

கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள், எதையும் பிடுங்காதீர்கள். காகிதக் கப் ஒன்றைக் கண் மேல் அழுத்தாமல் கவிழ்த்து ஒட்டி, உட்கார்ந்த நிலையிலேயே உடனே கண் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம்.

தலை, கழுத்து, நெஞ்சு, வயிறு என்றால் 108க்கு அழையுங்கள். வெளியே எறும்பு கடித்தது போலச் சின்னத் துளைதான் தெரியும், ரத்தமும் அதிகம் வராது. அதை நம்பி மஞ்சள் வைத்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்தால்தான் குண்டு எங்கே நிற்கிறது என்று தெரியும். இரும்புக் குண்டு உடம்பில் தங்கியிருக்க, தெரியாமல் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பது ஆபத்து. அதனால் நடந்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். போலீஸ் வழக்குக்குப் பயந்து “கம்பி குத்திவிட்டது” என்று சொன்னால், அந்தப் பொய்க்குப் பிள்ளையின் கண்ணையே விலையாகக் கொடுக்க வேண்டி வரலாம்.

இந்த லீவு முடிவதற்குள் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஏர்கன் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தாரின் ஹக்கில் இதுவும் சேரும்.