குதிகாலை நினைத்தால் குதிரை குழம்புவது ஏன்?

புதுச்சேரி நகரைத் தாண்டி வடக்கே போனால் ஆரோவில் பக்கம் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. எங்கே கற்றாலும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான்: குதிகால் கீழே, தோள் பின்னே, பார்வை முன்னே.

நேற்றுவரை இயல்பாக அமர்ந்தவர்கூட, இத்தனையையும் மனதில் ஓட்டியதும் விறைத்துப்போவதுண்டு. ஏன்?

பழகிய அசைவுகளைச் சிறுமூளை உள்ளிட்ட பகுதிகள் பெரும்பாலும் நம் கவனத்துக்கு வராமலே நடத்துகின்றன. கவனம் குறுக்கே புகுந்தால், ஒரே ஓட்டமாக இருந்த அசைவு துண்டு துண்டாகிறது. 2002இல் உளவியலாளர் சியான் பைலாக்கின் குழு இதைக் கால்பந்து வீரர்களிடம் சோதித்தது. பந்தை உருட்டும்போது பாதத்தின் எந்தப் பக்கம் படுகிறது என்று கவனிக்கச் சொன்னதும், தேர்ந்தவர்களின் வலதுகால் வேகம் குறைந்தது. அவ்வளவாகப் பழகாத இடதுகாலோ மேம்பட்டது! ஆகவே, புதியவருக்குக் குறிப்புகள் சொல்லும் வாத்தியாரைக் குறைசொல்ல முடியாது.

குதிரையில் சிக்கல் இரட்டிப்பு. பந்துக்கு உணர்ச்சியில்லை; ஆனால் ஈ உட்கார்ந்தாலே தோல் சிலிர்க்கும் விலங்குக்கு, பயத்தில் இறுகிய தொடையும் ஒரு கட்டளைதான்.

கவனத்தை உடலுக்கு வெளியே திருப்பினால் அசைவு சீராகும் என்பதை ஆய்வாளர் கேப்ரியேல் வுல்ஃப் 1998 முதல் பல ஆய்வுகளில் காட்டினார். அதன்படி, குதிகாலை மறந்துவிட்டு, எதிரிலுள்ள கம்பத்தை நோக்கிக் குதிரையைச் செலுத்தச் சொல்லிப் பார்க்கலாம்.