மூன்று பேர், ஒரு நிரல்

1984 ஜூலையில், ஆம்ஸ்டர்டாமின் வ்ரையே பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர் தன் மாணவர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சி கம்பைலர் எழுதத் தொடங்கினார். ஆள் மூன்று, வேலை ஒன்று, நேரம்தான் ஒத்துவரவில்லை. ஒரு மாணவர் ஆபீஸ் போகிறவர் மாதிரி காலையில் வந்து மாலையில் கிளம்பிவிடுவார். இன்னொருவர் எப்போது வருவார் என்று சொல்லவே முடியாது. க்ரூனுக்கோ மாலையில்தான் ஒழிவு.

அப்போது கையில் இருந்த கருவி ஆர்.சி.எஸ். ஒரு கோப்பைத் திருத்த எடுத்தவர் அதைப் பூட்டிவிடுவார். திறக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பூட்டியவர் வீட்டுக்குப் போய்விட்டால்? க்ரூன் அதன்மேல் சில ஷெல் ஸ்கிரிப்டுகளை எழுதினார். ஆளுக்கொரு நகல், அவரவர் நேரத்தில் திருத்தம், பிறகு இணைப்பு. 1986-இல் அதை எல்லோருக்கும் வெளியிட்டார். அதுதான் சி.வி.எஸ். திறந்த மூலத் திட்டங்கள் பல, ஆண்டுக்கணக்கில் அதை நம்பித்தான் நடந்தன.

இன்று அதே வேலைக்கு மாணவர்கள் கையில் இருப்பது கிட். லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவியின் இலவச உரிமம் 2005-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே கிட்டை எழுத உட்கார்ந்தார். சில நாட்களிலேயே கிட்டின் சொந்த நிரல் கிட்டுக்குள் வந்துவிட்டது.

நம் கல்லூரிகளின் ஃபைனல் இயர் பிராஜெக்டுகளில் க்ரூனின் சிக்கல் அப்படியே இருக்கிறது. ஹாஸ்டல் மாணவர் நள்ளிரவில் எழுதுவார், பஸ்ஸில் வந்துபோகிறவர் மதிய இடைவேளையில். இடையில் ஜிப் கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றும். கிட்டின் ஞாபகம் வருவதோ ரிப்போர்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில். மொத்த நிரலையும் ஒரே கமிட்டாக, அதாவது ஒரே பதிவாக, கிட்ஹப் தளத்தில் ஏற்றினால், யார் எதை எப்போது மாற்றினார் என்பதற்கு அதில் தடயமே இருக்காது.

கற்பிக்கிறவர்கள் கட்டளைப் பட்டியலோடு தொடங்குவதும் இதற்கு ஒரு காரணம். ‘கிட் இனிட்’, ‘கிட் ஆட்’, ‘கிட் கமிட்’ மூன்றும் அரை மணி நேரப் பாடம். கமிட்டோடு எழுதும் குறிப்புக்குத்தான் பழக்கம் வேண்டும். ‘சேஞ்சஸ்’ என்று எழுதிய குறிப்பு இரண்டு மாதம் கழித்து எழுதியவருக்கே உதவாது. ‘மதிப்பெண் காலியாக இருந்தால் சராசரி தப்பாக வந்தது, சரிசெய்தேன்’ என்றால் உதவும்.

பழக வேண்டிய இரண்டாவது விஷயம், மோதல். தேர்ச்சி மதிப்பெண் 40 என்ற வரியை ஒருவர் 45 ஆக்குகிறார். அதே வரியை இன்னொருவர் தன் நகலில் 50 ஆக்குகிறார். இணைக்கும்போது கிட் எதையும் ஊகிக்காது. மேலே ஏழு ‘<’ குறிகள், நடுவில் ஏழு ‘=’ குறிகள், கீழே ஏழு ‘>’ குறிகள் போட்டு, இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு நின்றுவிடும். இதைப் பார்த்ததும் பயந்துபோய் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி டவுன்லோடு செய்கிறவர்கள் உண்டு. செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: 45-ஆ, 50-ஆ என்று இருவரும் பேசி, வேண்டாத வரியையும் குறிகளையும் நீக்கி, ஆட் செய்து கமிட் போட வேண்டும். முதல் வாரத்து லேபிலேயே இருவரை ஒரே வரியைத் திருத்தச் சொல்லி மோதலை வேண்டுமென்றே வரவழைத்தால் அந்தப் பயம் போய்விடும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வேறு விதமான தொல்லை. தெரியாமல் கமிட் ஆகிவிட்ட பாஸ்வேர்டை மறுநாள் அழித்தாலும் பழைய கமிட்டில் அது பத்திரமாக இருக்கும். கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றியிருந்தால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், வரலாற்றைத் துடைக்கும் வேலை அப்புறம். எந்தெந்தக் கோப்பைக் கண்டுகொள்ளக் கூடாது என்று கிட்டிடம் சொல்லும் ‘கிட்இக்னோர்’ கோப்பை முதல் கமிட்டுக்கு முன்பே எழுதிவிட்டால் இந்த வேலை பெரும்பாலும் வராது.

கிளை பிரிப்பது பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)