பருத்தியிலிருந்து பத்திரத்துக்கு: லேமன் பிறதர்ஸ் வங்கியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1

இத்தாலிய நாடகாசிரியர் ஸ்தெபானோ மசினியின் ‘லேமன் ட்ரிலொஜி’ என்னும் நாடகத்தின் ஆங்கில வடிவம் 2018ஆம் ஆண்டில் இலண்டனில் மேடையேறியது. 2022இல் அமெரிக்காவின் ரோனி விருதுகளுள் சிறந்த நாடகத்துக்குரியதை அது பெற்றது. மூன்றே நடிகர்கள் ஒரு குடும்பத்தின் தலைமுறைகளையும் அவர்களைச் சூழ்ந்த மாந்தரையும் தாமே நடித்துக்காட்டும் உத்தி பெரிதும் பாராட்டப்பட்டது. வெறுங்கையோடு வந்த குடியேறிகள், அவர்தம் உழைப்பு, செல்வம், மிதமிஞ்சிய அவா, ஈற்றில் அழிவு என்று செல்லும் அதன் கதைப்போக்கு நமக்குப் புதிதன்று. அவாவும் ஊழும் மனிதரை வீழ்த்தும் கதைகளிலே தோய்ந்தவர்கள் நாம்.

ஆயினும், இக்கதைப்போக்கு வரலாற்றோடு எவ்வளவு தூரம் பொருந்துகின்றது என்பது நோக்கற்பாலது. 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி லேமன் பிறதர்ஸ் நிறுவனம் வங்குரோத்து மனுவைத் தாக்கல் செய்தபோது அதன் தலைமையில் லேமன் குடும்பத்தவர் எவரும் இருக்கவில்லை. அக்குடும்பத்தின் தலைமை அதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1969இல், முடிவுற்றது. எனவே வங்கியின் வீழ்ச்சியைக் குடும்பமொன்றின் வீழ்ச்சியாகவோ தனிமனிதர் சிலரின் பேராசையின் விளைவாகவோ கூறும்போது எவை மறைகின்றன என்ற வினா எழுகின்றது. அந்நாடகத்திலே அடிமை முறை போதிய இடம்பெறவில்லை என்று விமரிசகர் சிலர் சுட்டியமையும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. இவ்வினாவுக்கு விடைகாண வங்கியின் தொடக்கத்துக்கே செல்லவேண்டும்.

2

பவேரியாவின் றிம்பார் என்னும் சிற்றூரில் கால்நடை வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஹென்றி லேமன் 1844இல் அமெரிக்கா சென்று, அலபாமா மாநிலத்தின் மொண்ட்கோமரி நகரில் கடையொன்றைத் திறந்தார். தம்பியரான இமானுவேல் 1847இலும் மாயர் 1850இலும் வந்து சேர்ந்தனர். ‘லேமன் பிறதர்ஸ்’ என்னும் பெயர் அப்பொழுது அமைந்ததே. துணிமணியும் பலசரக்கும் விற்ற அக்கடைக்கு வந்த தோட்டச் சொந்தக்காரர் பலரிடம் கையிற் காசு இருப்பதில்லை; பருத்தி இருந்தது. சகோதரர் பருத்தியையே விலையாக ஏற்றனர். அதனை விற்றுப் பெற்ற இலாபம் கடை வியாபாரத்தின் இலாபத்தை விஞ்சவே, கடைக்காரர் தரகராயினர்.

இப்பருத்தியை விளைவித்தோர் யாவர்? 1860ஆம் ஆண்டுக் குடிமதிப்பீட்டின்படி அலபாமாவின் ஏறத்தாழ 964,000 மக்களுள் 435,000 பேர் அடிமைகள். மாயர் லேமனின் உடைமையாக மாத்திரம் ஏழு அடிமைகள் அவ்வாண்டிற் பதிவாகியுள்ளனர். ஆனால், அவர்கள் வீட்டில் எத்தனை அடிமைகள் இருந்தனர் என்பதைவிட, அவர்கள் கையாண்ட ஒவ்வொரு பருத்திப் பொதியும் அடிமையுழைப்பின் பயனாய் இருந்தது என்பதே முக்கியமானது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமை, உழைப்பாளியாக மட்டும் இருக்கவில்லை. தோட்டச் சொந்தக்காரர் கடன் பெறுவதற்கு வைக்கும் ஈடாகவும் இருந்தார். மனித உடலே ஈட்டுக்குரிய சொத்தாகக் கணக்கேடுகளிற் பதியப்பட்டது. இச்செய்தியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1855இல் ஹென்றி மஞ்சட் காய்ச்சலால் மாண்டார். 1858இல் நியூயோர்க்கில் கிளையொன்று திறக்கப்பட்டது. பருத்தி விளைந்தது தெற்கிலாயினும் அதன் விலையும் கடனும் தீர்மானிக்கப்பட்டது வடக்கிலேதான். உள்நாட்டுப் போர் அடிமை முறையை ஒழித்தது. பருத்தி வணிகத்தை ஒழிக்கவில்லை. 1867இல் அலபாமா மாநிலத்தின் கடன் முறிகளை விற்கும் நிதி முகவராக இந்நிறுவனம் அமர்த்தப்பட்டது. மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற் பாகம் வெளிவந்ததும் அதே ஆண்டிலேதான். 1870இல் நியூயோர்க் பருத்திச் சந்தை அமைப்பு உருவானபோது லேமன் சகோதரர் அதன் தாபகருள் இடம்பெற்றனர். அச்சந்தையிற் கையிலுள்ள பருத்தி மாத்திரமன்றி, இனி விளையவிருக்கும் பருத்தியும் கைமாறியது. கண்ணாற் காணாத பண்டத்தை வாங்கி, அதைத் தொடாமலே விற்று இலாபம் பெற வழி பிறந்தது. பண்டத்திலிருந்து பத்திரத்துக்கான பயணம் இங்கு தொடங்குகின்றது எனலாம்.

3

1887இல் நியூயோர்க் பங்குச் சந்தையின் அங்கத்துவம் கிடைத்தது. 1906இல், இமானுவேலின் மகன் பிலிப் லேமன், கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்துடன் இணைந்து சியர்ஸ் றோபக் என்னும் வணிக நிறுவனத்தின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பனை செய்தார். முதலீட்டு வங்கியின் இயல்பு இதனால் விளங்கும். வர்த்தக வங்கி பொதுமக்களின் வைப்புப் பணத்தைப் பெற்றுக் கடன் வழங்குவது. முதலீட்டு வங்கியோ, கொம்பனிகளும் அரசுகளும் வெளியிடும் பங்குகளையும் முறிகளையும் தான் பொறுப்பேற்று விற்றுக்கொடுத்துத் தரகு பெறுவது. இரயில் பாதைகள் முதல் பெருங்கடைகள், திரைப்பட நிறுவனங்கள், விமான சேவைகள் வரை அமெரிக்கக் கைத்தொழிலின் விரிவுக்கு இவ்வங்கிகள் மூலதனம் திரட்டின. வங்கி மூலதனமும் கைத்தொழில் மூலதனமும் ஒன்றோடொன்று பிணைந்து நிதி மூலதனமாவதை 1910இல் ஹில்பேர்டிங்கும் அவரைத் தொடர்ந்து லெனினும் ஆராய்ந்தமை இக்காலப்பகுதியை வைத்தேயாகும்.

1925 முதல் 1969இல் இறக்கும்வரை பிலிப்பின் மகன் றொபேட் லேமன் நிறுவனத்தை நடத்தினார். 1929இன் பங்குச் சந்தைச் சரிவுக்குப் பின்னர், 1933ஆம் ஆண்டுச் சட்டம் வைப்பு வங்கியையும் முதலீட்டு வங்கியையும் வேறுபிரித்தது. லேமன் முதலீட்டு வங்கியாகவே நிலைத்தது. இப்பிரிவினையைப் பெருமளவு தளர்த்திய 1999ஆம் ஆண்டுச் சட்டமே 2008இன் அழிவுக்கு முழுக் காரணம் என்று கூறுவோர் உளர். ஆனால் லேமன் வீழ்ந்தது அப்பிரிவினைக்குட்பட்ட பழைய வகை முதலீட்டு வங்கியாகவேயாம். சட்டத்தின் தளர்வு மட்டும் அதன் வீழ்ச்சியை விளக்காது.

விளக்கத்தை நிறுவனத்துக்குள் நிகழ்ந்த மாற்றத்திலே தேடவேண்டும். 1970களில், கொம்பனிகளுக்கு ஆலோசனை கூறித் தரகு பெறும் வங்கியாளருக்கும், நிறுவனத்தின் பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் கொண்டு பத்திரங்களை அன்றாடம் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் இடையே முரண்பாடு முற்றியது. 1983இல் வியாபாரிகளின் பிரதிநிதியான லூயிஸ் கிளக்ஸ்மன், தலைவராயிருந்த பீற்றர் பீற்றர்சனை வெளியேற்றினார். அடுத்த ஆண்டே நிறுவனம் 360 மில்லியன் டொலருக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1994இல் மீண்டும் தனி நிறுவனமாகியபோது அதன் தலைமையை ஏற்ற றிச்சாட் ஃபுல்ட், 1969இல் அங்கு சேர்ந்து வியாபாரப் பிரிவில் வளர்ந்தவர். தனியாட்களின் பதவிச் சண்டையாக இது எழுதப்படுவதுண்டு. உண்மையில், கைத்தொழில் இலாபம் நலிந்த காலத்தில், உற்பத்தியோடு தொடர்புற்ற நிதி முயற்சியை உற்பத்தியோடு தொடர்பற்ற பத்திர வியாபாரம் வென்றமையின் ஒரு வெளிப்பாடே அது.

4

‘மூலதனம்’ மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் ஆராயும் புனைவு மூலதனம் என்னும் கருத்து இவ்விடத்துப் பயன்படும். கொம்பனிப் பங்கோ அரசின் முறியோ தன்னளவில் மூலதனமன்று. எதிர்காலத்தில் எவரோ உழைத்து ஈட்டப்போகும் வருமானத்தின்மீதான உரிமைச் சீட்டு. அச்சீட்டுக்குச் சந்தையில் விலை உண்டாவதால், அதுவே மூலதனம் போலத் தோற்றமளிக்கின்றது. வணிகனின் சுற்று பணம் – சரக்கு – பணம் என்றமையும். புனைவு மூலதனத்தின் சுற்றிலோ நடுவிலுள்ள சரக்கு மறைந்து, பணமே பணத்தை ஈனுவதாகக் காட்சி தருகின்றது. புனைகதையைப் போன்றே இப்புனைவும் நம்பப்படும்வரை பயன் தருவது. ஆனால் புனைகதையை மூடி வைத்தால் எவரும் வீடிழப்பதில்லை.

2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் இப்புனைவின் மூலப்பொருளாயமைந்தது வீட்டு ஈட்டுக் கடன். வருமானம் குறைந்தோருக்கும் கடன் வரலாறு சீரில்லாதோருக்கும் உயர் வட்டியிற் கடன் வழங்கப்பட்டது. அவ்வாறு கடன் வழங்கும் நிறுவனங்களை லேமன் தன் உடைமையாகவே கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான கடன்களை ஒன்றுதிரட்டி, அவற்றின் தவணைப் பணத்தின்மீது உரிமை தரும் பத்திரங்களை ஆக்கி, அவற்றை அபாயத்தின் அளவுக்கேற்பப் படிநிலைகளாக வகுத்து விற்பதே வியாபாரம். தர மதிப்பீட்டு நிறுவனங்கள் மேற்படிகளுக்கு உயர்ந்த தரம் வழங்கின. கடன் கொடுத்தவர் அதனை உடனே விற்றுவிடுவதால், கடன் வாங்கியவரால் அதைத் திருப்பிச் செலுத்த இயலுமா என்பதிற் கொடுத்தவருக்கு அக்கறை இருக்கவில்லை.

இவ்வியாபாரம் பெரும்பாலும் கடன் பணத்திலே நடைபெற்றது. 2007ஆம் நிதியாண்டின் இறுதியில் லேமனின் சொத்துக்கள் ஏறத்தாழ 691 பில்லியன் டொலர். சொந்த மூலதனமோ ஏறத்தாழ 22.5 பில்லியன் டொலர். அதாவது சொந்தப் பணம் ஒரு டொலருக்கு முப்பது டொலருக்கு மேற்பட்ட சொத்து. சொத்தின் பெறுமதி நூற்றுக்கு நான்கு வீதம் குறைந்தாலே சொந்த மூலதனம் முழுவதும் அழிந்துவிடும். விலை ஏறும்போது இதே விகிதம் இலாபத்தைப் பெருக்கியது. அவ்வாண்டின் இலாபம் 4.2 பில்லியன் டொலர். அதுவரை நிறுவனம் கண்டிராத தொகை. அத்துடன் கடனிற் பெரும்பகுதி, மீள்கொள்வனவு உடன்படிக்கை எனப்படும் குறுங்காலக் கடன். பத்திரத்தை ஈடாகக் கொடுத்து இரவுப்பொழுதுக்கெனப் பெற்று மறுநாள் புதுப்பிக்கப்படும் பணமும் அதில் அடங்கும். நீண்டகாலச் சொத்தை இத்தகைய கடனில் வைத்திருப்பவன், ஒரு நாட் காலையில் எவரும் கடனைப் புதுப்பிக்க மறுத்தால் வீழ்ந்துவிடுவான்.

5

வீட்டு விலைகள் 2006 முதல் இறங்கத் தொடங்கின. 2008 மார்ச் மாதத்தில் பெயர் ஸ்ரேன்ஸ் வங்கி வீழ்ந்து, அரசின் உதவியோடு ஜே. பி. மோர்கனிடம் சேர்ந்தது. அடுத்தது லேமனே என்ற பேச்சு பரவியது. இந்நிலையில் நிறுவனம் கையாண்ட கணக்குமுறையொன்றை, நீதிமன்றத்தால் அமர்த்தப்பட்ட பரிசோதகர் 2010இல் வெளியிட்ட 2,200 பக்க அறிக்கை அம்பலமாக்கியது. 105 டொலர் பெறுமதியான பத்திரத்தைக் கொடுத்து 100 டொலர் கடன் பெறுவது. ஆனால் கணக்கேட்டில் அதனைக் கடனென்று எழுதாது விற்பனையென்று எழுதுவது. காலாண்டு முடிந்தபின் மீண்டும் பத்திரத்தைப் பெற்றுக்கொள்வது. இது விற்பனையே என்று கூற அமெரிக்கச் சட்ட நிறுவனம் எதுவும் முன்வராமையால், இங்கிலாந்துச் சட்டத்தின்கீழ்க் கருத்துரை பெறப்பட்டது. 2008இன் இரண்டாங் காலாண்டில் இவ்வாறு மறைக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 50 பில்லியன் டொலர்.

செப்டெம்பர் 10ஆம் திகதி, 3.9 பில்லியன் டொலர் நட்டத்தை நிறுவனம் அறிவித்தது. வாங்கவிருந்த பார்க்ளேஸ் வங்கிக்கு, பங்குதாரரின் வாக்கெடுப்பின்றி உத்தரவாதம் அளிக்கப் பிரித்தானிய அதிகாரிகள் இடங்கொடுக்கவில்லை. அமெரிக்க அரசும் கைகொடுக்கவில்லை. போதிய ஈடின்மையாற் கடன் வழங்கச் சட்டம் இடந்தரவில்லை என்பது அதிகாரிகள் கூறிய காரணம். ஆயினும் மறுநாளே ஏ.ஐ.ஜி. காப்புறுதி நிறுவனத்துக்கு 85 பில்லியன் டொலர் வழங்க இணக்கம் காணப்பட்டது. அக்டோபர் மாதத்தில், நிதித்துறையை மீட்க 700 பில்லியன் டொலர் வரை செலவிடும் சட்டம் நிறைவேறியது. 613 பில்லியன் டொலர் கடனோடு வீழ்ந்த லேமன், அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய வங்குரோத்தாகப் பதிவாயிற்று.

2008இல் முதலாளித்துவம் முடிந்துவிட்டது என்று அன்று முழங்கிய முற்போக்காளர் சிலரையும் இங்கு மறுத்துரைக்க வேண்டியுள்ளது. நெருக்கடி மூலதனத்தை அழித்ததோடு அமையாது, அதனை மேலும் ஒருங்குகுவித்தது. லேமனின் வடஅமெரிக்க வியாபாரத்தைப் பார்க்ளேஸும் ஆசிய, ஐரோப்பிய வியாபாரங்களின் பெரும்பகுதியை ஜப்பானின் நொமுறாவும் பெற்றன. மெரில் லிஞ்சைப் பாங்க் ஒஃப் அமெரிக்கா வாங்கியது. தப்பிய வங்கிகள் முன்னிலும் பெரியனவாயின. தனியார் இலாபம் தனியாரிடமே இருக்க, நட்டம் மட்டும் சமூகத்தின் பொறுப்பாயிற்று.

6

அந்நட்டத்தைச் சுமந்தோர் யாவர்? லேமனின் ஊழியர் ஏறத்தாழ 25,000 பேர் மட்டுமல்லர். அமெரிக்காவின் வேலையின்மை 2009 அக்டோபரில் நூற்றுக்குப் பத்து வீதத்தை எட்டியது. ஹொங்கொங்கில், சேமிப்பென்று நம்பி லேமன் தொடர்பான பத்திரங்களை வாங்கியோர் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் முதியோர் பலர் வங்கி வாசல்களில் நின்று போராடினர். இலங்கையிலும், 2008இன் இறுதியில் அரசாங்கப் பிணையங்களிலிருந்து வெளிநாட்டுப் பணம் வெளியேறியது. போர்ச் செலவினால் ஏற்கெனவே நலிந்திருந்த வெளிநாட்டு ஒதுக்கு மேலும் குன்றியது. 2009 ஜூலையில் சர்வதேச நாணய நிதியத்திடம் 2.6 பில்லியன் டொலர் கடனுக்குச் செல்ல நேர்ந்தது.

எனினும், முதலிலும் பெரிதாகவும் இழந்தோர் வீட்டுக் கடன் வாங்கியோரே. உயர் வட்டிக் கடன்கள், வருமானம் ஒத்திருந்த வேளையிலும், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோருக்கும் கூடிய விகிதத்தில் வழங்கப்பட்டன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பழைய அலபாமாவில் கறுப்பினத்தவரின் உடல் ஈடாயிருந்தது. பின்னர் அவர்தம் வழித்தோன்றல்களின் வீடும் எதிர்காலக் கூலியும் ஈடாயின. இரண்டு நிலைகளும் ஒன்றல்ல. சட்டப்படி சுதந்திரரான கடனாளியை அடிமையோடு சமப்படுத்துவது வரலாற்றைத் திரிப்பதாகும். ஆனால் 158 ஆண்டுக்காலத்தின் இருமுனையிலும், பத்திரத்தின் அடியில் உழைப்போர் இருந்தனர் என்பதும், பத்திரத்தை வாங்கி விற்றோர் அவர்களைக் காணவேண்டிய தேவை இருக்கவில்லை என்பதும் உண்மை. மொண்ட்கோமரிக் கடையின் வாசலிலிருந்து பருத்தித் தோட்டம் ஒரு நாட் பயணத் தொலைவுதான். நியூயோர்க்கின் கணினித் திரையிலிருந்து கடனாளியின் வீடு கணக்கிட முடியாத தொலைவிலிருந்தது. மூலதனத்தின் வளர்ச்சி என்பது இத்தொலைவின் வளர்ச்சியுமாகும். நெருக்கடியோ, இத்தொலைவு வெறுந்தோற்றமே என்பதை வலிந்து உணர்த்தும் கணம்.

இலக்கிய மாணவர் இவ்வரலாற்றிற் கொள்ளவேண்டிய அக்கறையும் இதுவே. ஃபுல்ட்டின் பேராசை பொய்யன்று. ஆனால் அவரிடத்தில் வேறொருவர் இருந்திருப்பினும், போட்டியில் நிலைத்து நிற்க அவ்வாறே செய்திருப்பார். ஏனைய வங்கிகளின் தலைவர்கள் அவ்வாறே செய்தனர். தனிமனிதனின் வீழ்ச்சியாகக் கதை சொல்லப்படும்போது, பார்வையாளர் இரக்கமோ வெறுப்போ கொண்டு அமைதியடைகின்றனர். உறவுகள் அப்படியே தொடர்கின்றன. பருத்தி கொய்தவளையும் வீட்டைப் பறிகொடுத்தவளையும் ஒரே கதையின் மாந்தராகக் காட்டவல்ல நாடகம் இனித்தான் எழுதப்படவேண்டும். அதனை எழுதுவோனுக்கு மேடை நுட்பத்தோடு கணக்கேட்டை வாசிக்கும் அறிவும் வேண்டும்.