வர்த்தக சபையிலிருந்து மக்கள் மன்றத்துக்கு

கடல் கடந்து வந்து வியாபாரத்தில் செழித்த ஒருவர் நாட்டு அரசியலில் இடம்பிடிக்க என்ன வேண்டும்? பணமும் சொந்தச் சமூகத்தின் ஆதரவும் போதும் என்பது பலரின் எண்ணம். சிங்கப்பூர் வரலாறு அதை ஏற்கவில்லை. 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை நடத்தினார். 1827-இல் மாரியம்மன் கோவிலை எழுப்பினார். பிற்காலத்தில் சிராங்கூன் சாலையின் ஜவுளி வணிகர் பி. கோவிந்தசாமி பிள்ளை பெருமாள் கோவில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுத்தார். இருவரும் செல்வாக்கு மிக்கவர்கள். ஆனால் நாராயண பிள்ளையின் காலத்தில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்றமே இல்லை. செல்வாக்கு அரசியல் அதிகாரமாக மாற, முதலில் அதற்கான வாசல் திறக்க வேண்டும்.

அந்த வாசல் திறந்த காலத்தில் வாழ்ந்தவர் ரஜபாலி ஜுமாபாய். 1898-இல் இந்தியாவின் கட்ச் பகுதியில் பிறந்த இவர், முதல் உலகப் போர்க் காலத்தில் இளைஞராகச் சிங்கப்பூருக்கு வந்து வணிகராக வளர்ந்தார். இந்திய வர்த்தக சபையை வழிநடத்தினார். 1948-இல் சட்டமன்றத்தின் 22 இடங்களில் ஆறு மட்டுமே பொது வாக்காளர்களுக்கு. மூன்று இடங்கள் வர்த்தக சபைகளுக்கு. இந்திய வர்த்தக சபைக்கான இடத்தில் அமர்ந்தவர் ஜுமாபாய். 1955-இல் புதிய அரசியலமைப்பு வர்த்தக சபைகளின் இடங்களை நீக்கியது. 32 இடங்களில் 25 பொதுத் தேர்தலுக்கு வந்தன; வாக்காளர் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஜுமாபாய் அந்தத் தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்றார். முன்பு வணிகர்களின் பிரதிநிதியாக இருந்தவர் இப்போது பல இனத்தவரின் பிரதிநிதியானார். அவர் உறவினர் ஜே. எம். ஜுமாபாய், முதலமைச்சர் லிம் இயூ ஹாக்கின் அரசில் வர்த்தக, தொழில் அமைச்சராக இருந்தார்.

இது வசதி படைத்த ஒரு குடும்பத்தின் கதைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; ஆங்கிலமும் வசதியும் இல்லாத தொழிலாளிக்கு அன்றைய மன்றம் எட்டாத உயரத்தில்தான் இருந்தது. ஆனால் பணம் மட்டுமே வெற்றி தருமென்றால் 1959 தேர்தல் வேறு மாதிரி முடிந்திருக்கும். மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43-ஐக் கைப்பற்றியது. சுயேச்சைகளில் ஏ. பி. ராஜா ஒருவரே வென்றார். ரஜபாலி ஜுமாபாயின் சட்டமன்றக் காலம் அதோடு முடிந்தது. கட்சி, அமைப்பு, தொண்டர் பலம் ஆகியவற்றின் முன் தனிமனிதச் செல்வாக்கு நிற்கவில்லை.

அப்படியானால் வர்த்தக சபை இடங்களைப் போல சிறுபான்மையினருக்குத் தனி இடங்கள் இருந்திருந்தால் நல்லதில்லையா? அதுவும் சரியான வழியல்ல என்பதே என் கருத்து. சபை அனுப்பும் உறுப்பினர் சபைக்கே பதில் சொன்னால் போதும். வேட்பாளர்கள் குழுவாகப் போட்டியிடும், 1988-இல் வந்த குழுத்தொகுதி முறை வேறு பாதையைத் தேர்ந்தெடுத்தது: ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மை வேட்பாளர் ஒருவராவது இருக்க வேண்டும், ஆனால் அக்குழு தொகுதியின் எல்லா இனத்தவரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டும். வலுவான சக வேட்பாளர்களின் நிழலில் சிலர் வென்றுவிடுகிறார்கள் என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. என்றாலும் எல்லாருடைய ஓட்டையும் பெற்று வருபவரே எல்லாருக்கும் பொறுப்பேற்கிறார். 1955-இல் ஜுமாபாய் கடந்த தூரமும் அதுதான். குடியேறிய வணிகர் ஒருவர் நாட்டு அரசியலில் இடம்பிடிப்பது, தன்னவர் அல்லாதாரின் நம்பிக்கையையும் பெறும்போதே.