முத்தும் அதன் தரமும்

கடலிலிருந்து வெகு தொலைவில், தக்காணப் பீடபூமியில் அமைந்துள்ள ஹைதராபாத் 'முத்து நகரம்' எனப் பெயர் பெற்றிருப்பது வியப்புக்குரியது. முத்துக் குளித்தலுக்குப் பேர்போன தூத்துக்குடிக்கும் இப்பெயர் உண்டு. ஆனால் காரணம் வேறு. தூத்துக்குடி முத்து விளைந்த ஊர். ஹைதராபாத் முத்தை வரவழைத்து, துளையிட்டு, தரம் பிரித்து, சரமாகக் கோத்து விற்கும் ஊர். பாரசீக வளைகுடாவில் எடுக்கப்பட்டு 'பஸ்ரா முத்து' என்ற பெயரில் வந்த முத்துகளை நிஜாம் மன்னர்கள் பெரிதும் விரும்பினர். 1995-ஆம் ஆண்டில் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கிய நிஜாம் நகைகளுள் ஏழு சரங்களாலான பஸ்ரா முத்துமாலையும் ஒன்று.

இன்றும் சார்மினாரை அடுத்த பத்தர்கட்டிக் கடைவீதியில் முத்து வியாபாரம் நடைபெறுகிறது. மகளின் திருமணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்துடன் அங்கு வருவோர் பலர். கடைக்காரரின் சொல்லை மட்டுமே நம்பி அப்பணத்தைச் செலவிடாதிருக்க, முத்தைப் பற்றிய சில உண்மைகளை அறிந்திருத்தல் நலம்.

முத்து உருவாகும் விதம்

மணல் துகளே முத்தாகிறது என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலும் ஒட்டுண்ணி நுழைவதாலோ, சிப்பியின் மென்தசையில் காயம் ஏற்படுவதாலோதான் முத்து தோன்றுகிறது. தன் ஓட்டின் உட்புறத்தைப் பளபளப்பாக்கும் அதே பொருளைச் சிப்பி அவ்விடத்தைச் சுற்றிப் படலம் படலமாகப் படியவைக்கிறது. இப்பொருள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் ஆகும். ஒவ்வொரு படலத்தின் கனமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2000-இல் ஒரு பங்கே. எண்ணற்ற இப்படலங்களில் ஒளி பட்டுத் திரும்புவதாலேயே முத்துக்கு உள்ளிருந்து எழுவது போன்ற ஒளி கிடைக்கிறது.

மூவகை முத்துகள்

தானே விளைவது இயற்கை முத்து. மனிதன் சிப்பியினுள் ஒரு மணியையோ தசைத் துணுக்கையோ வைத்து விளைவிப்பது வளர்ப்பு முத்து. 1893-இல் ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி அரைக்கோள வடிவ வளர்ப்பு முத்தைப் பெற்றார். 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் இம்முயற்சியில் வெற்றி கண்டனர். மூன்றாவது வகையான போலி முத்து, பூச்சிட்ட கண்ணாடி மணியோ பிளாஸ்டிக் மணியோ ஆகும். அது முத்தே அன்று.

மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பின் முத்துக் குளித்தல் நடைபெறவில்லை. இன்று கடைகளில் காணப்படுபவை ஏறக்குறைய யாவும் வளர்ப்பு முத்துகளே. அவற்றுள் பெரும்பாலானவை சீனாவின் நன்னீர் நிலைகளில் விளைந்தவை. இதில் குறையேதும் இல்லை. வளர்ப்பு முத்தை இயற்கை முத்தின் விலைக்கு விற்பதே குறை. 'பஸ்ரா' என்ற சொல் விலையை உயர்த்தும். முத்தின் தரத்தை உயர்த்தாது.

தெரிந்தெடுக்கும் முறை

முத்தைப் பல்லின் மீது மென்மையாகத் தேய்த்தால் நெருநெருப்பு உணரப்படும். போலி முத்து பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். பள்ளியிலுள்ள பூதக்கண்ணாடி கொண்டு துளையின் விளிம்பை நோக்கினால், போலி முத்தில் பூச்சு பெயர்ந்திருப்பதைக் காணலாம். ஆனால் இச்சோதனைகளால் இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் வேறுபடுத்த இயலாது. பல் இரண்டிலும் ஒரே உணர்வையே பெறும். அவ்வேறுபாட்டை உறுதி செய்ய எக்ஸ்ரே சோதனை தேவை. ஆகவே, இயற்கை முத்து என விலை கூறப்பட்டால் ஆய்வகச் சான்றிதழைக் கேட்டல் வேண்டும்.

அடுத்து நோக்க வேண்டுவது ஒளி. முத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், நல்ல முத்தில் சன்னலின் உருவம் கூர்மையாகத் தெரியும். தரம் குறைந்ததில் சுண்ணாம்பு போல் மங்கித் தோன்றும். அதன்பின் மேற்பரப்பின் குழிகளையும் கீறல்களையும், வடிவையும், அளவையும் நோக்கலாம். பெரிய மங்கிய முத்தைவிடச் சிறிய ஒளிமிக்க முத்தே மேல். சரத்தை வெள்ளைத் துணியின் மீது உருட்டிப் பார்த்தால் நிறமும் உருண்டையும் ஒத்திருக்கின்றனவா என்பது விளங்கும். முத்துகளுக்கிடையே முடிச்சிட்டிருப்பின், நூல் அறுந்தாலும் முத்துகள் சிதறமாட்டா. ஒன்றோடொன்று உராயவும் மாட்டா.

வாங்கிய முத்து இயற்கையா வளர்ப்பா, நன்னீரா கடல்நீரா என்பதை ரசீதில் எழுதிப் பெறுதல் அவசியம்.

பாதுகாப்பு

முத்து மென்மையானது; புளிப்புப் பொருள்களும் வாசனைத் திரவியங்களும் வியர்வையும் அதன் ஒளியைக் கெடுக்கும். அணிந்தபின் மெல்லிய துணியால் துடைத்து, பிற நகைகளிலிருந்து பிரித்து வைத்தல் வேண்டும். தக்கவாறு பேணினால், தாய் அணிந்த முத்துச்சரத்தை மகளும் பேத்தியும் அணியலாம்.