ஸ்பானிஷ் சுங்கத் தாளில் நம்ம குச்சிக்கிழங்கு

சேலம், நாமக்கல் பக்கம் நாம குச்சிக்கிழங்குன்னு சொல்றோம். புத்தகத்தில் மரவள்ளி. இங்கிலீஷில் கேட்டால் நம்ம ஆட்கள் டேபியோக்கா என்பார்கள். இந்த மூன்றாவது பேர்தான் துறைமுகத்தில் வம்பு இழுக்கும். ஸ்பானிஷ் சுங்கத் தாள்களை இங்கிலீஷில் பெயர்த்துத் தருவது என் பிழைப்பு. கொஞ்சம் கிழங்குக் காடும் உண்டு. விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து ஜவ்வரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பணும்னு இப்போ பேச்சு நடக்குது. அதற்கு முன்னாடி இதைச் சொல்லணும்.

ஒரு பொருள் எல்லை தாண்டினால் அதற்கு ஒரு எண் வேணும். ஜி.எஸ்.டி. பில்லில் எச்.எஸ்.என். என்று போடுகிறோமே, அதே எண்தான். உலக சுங்க அமைப்பின் இந்த அட்டவணை 1988-ல் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குமேல் அவரவர் சேர்த்துக்கொள்வார்கள். வரி எவ்வளவு என்பதும் அவரவர் முடிவு. அதனால் ஸ்பெயினுக்கோ மெக்சிகோவுக்கோ அனுப்பணும்னா அந்த ஊர் வரி அட்டவணையைத்தான் புரட்டணும். அதை அவங்க 'அரான்செல்' என்பார்கள்.

அதில் நம்ம கிழங்கு எங்கே இருக்குது? கிழங்காகவே போனால் 0714.10. அங்கே 'யூகா' என்றும் பக்கத்திலேயே 'மந்தியோகா' என்றும் இருக்கும். இரண்டும் ஒரே செடி, நாட்டுக்கு நாடு பேர் வேறு. அகராதி தெரியாதவர் யூகாவை இங்கிலீஷில் 'யக்கா' என்று எழுதிவிடுவார். யக்கா என்பது கத்தாழை இனத்தில் வரும் அழகுச் செடி. இங்கிலீஷ் அட்டவணையில் நம்ம கிழங்குக்குப் பேர் 'மேனியாக்', அதாவது கசாவா. டேபியோக்கா இல்லை.

அப்போ டேபியோக்கா எது? அது 1903-ல் இருக்குது. அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உருண்டையாகவும் அவலாகவும் செய்த பண்டம், நம்ம ஜவ்வரிசி. வண்டியில் கிழங்கை ஏற்றிவிட்டு பில்லில் டேபியோக்கா என்று போட்டால், காகிதம் ஒன்று சொல்லும், சரக்கு இன்னொன்று சொல்லும். ஜவ்வரிசியை வெறும் 'சேகோ' என்று எழுதுவதும் சிக்கல். அட்டவணையில் சேகோ என்றால் தென்கிழக்கு ஆசியாவில் வளரும் ஒரு பனையின் உள்சோறு. மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த சேகோ இரண்டாம் உலகப்போரில் நின்றுபோனது. அப்போதான் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து செய்ய ஆரம்பித்தார்கள். செடி மாறியது, பேர் மாறவில்லை.

நமக்கு ரொம்ப முக்கியமானது மாவு. ஸ்பானிஷில் இதற்கு இரண்டு சொல் உண்டு. தானியத்து மாவுச்சத்து 'அல்மிதோன்'. கிழங்கு மாவுச்சத்து 'ஃபெக்குலா'. 1108.12-ல் மக்காச்சோள அல்மிதோன், 1108.14-ல் யூகா ஃபெக்குலா. படிக்கும்போதே வித்தியாசம் தெரியும். இங்கிலீஷில் இரண்டுக்கும் 'ஸ்டார்ச்' என்ற ஒரே சொல். ஃபெக்குலாவை வெறும் ஸ்டார்ச் என்று பெயர்த்தால் கிழங்கு காணாமல் போய்விடும்.

இது வெறும் சொல் தகராறு இல்லைங்க. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்று நம்ம பகுதி விவசாயிகள் எத்தனை வருஷமாகக் கத்துகிறோம்! கிழங்குக்குப் பாயிண்ட் பார்த்து விலை போடுகிறவர்கள், மூட்டைமேல் ஸ்டார்ச் என்று மட்டும் போட்டால் எதைக் கலந்தது என்று யார் கேட்பது? 1903 என்ற எண்ணும் முழுக்கக் காப்பாற்றாது. டேபியோக்காவும், மாவில் செய்த அதன் மாற்றுப் பண்டங்களும் என்றுதான் அந்தத் தலைப்பே இருக்குது. இரண்டும் ஒரே எண்ணில் போகும். ஆகவே எந்தச் செடியின் மாவு என்று எழுத்தில் சொல்லியே ஆகணும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பேருக்கு மதிப்பு நிலைக்கணும்னாலும் இதுதான் வழி.

இயற்கை விவசாயிகளுக்கு இன்னொரு சொல். ஸ்பெயினில் 'எகோலோஹிக்கோ' என்று முத்திரை பார்த்தால் 'எகாலஜிக்கல்' என்று பெயர்க்கக் கூடாது. அது நம்ம ஆர்கானிக். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தமும் விதிகளும் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் 'ஓர்கானிக்கோ' என்பார்கள். பொது ஆறு இலக்கத்தில் இயற்கை விளைச்சலுக்குத் தனி எண் கிடையாது. ரசாயனம் போட்ட கிழங்குக்கும் போடாத கிழங்குக்கும் ஒரே எண். வித்தியாசத்தைக் காட்டுவது சான்றிதழும் பில்லில் எழுதும் வார்த்தையும்தான்.

யார் மூலமாக அனுப்பினாலும் பில்லில் நான்கு விஷயம் இருக்குதா என்று பாருங்க. ஆறு இலக்க எண். செடியின் லத்தீன் பேர்: மானிஹாட் எஸ்குலென்டா. இந்தப் பேர் எந்த மொழியிலும் மாறாது. பொருளின் வடிவம்: கிழங்கா, வற்றலா, மாவா, உருண்டையா. கடைசியாக, மாவு எதிலிருந்து எடுத்தது என்பது. ஏஜென்ட் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சொன்னால், "ஒண்ணு இல்லைங்க, எழுதிக் கொடுங்க" என்று கேளுங்க.