பழைய ஜீப் வண்டியின் பட்டைகளைச் செப்பனிடுதல்

பழனி மலைகளின் வட அடிவாரத்திலுள்ள பாலசமுத்திரம் முதலிய கிராமங்களில் நிலம் வைத்திருப்போருக்கு மலைப் போக்குவரத்தின் கஷ்டம் புதிதன்று. அடிவாரத்தில் தென்னையும் கரும்பும், அடுத்துள்ள ஆயக்குடிப் பக்கம் கொய்யாவும், நடுமலையில் காப்பியும் மிளகும் மலை வாழையும், மேல்மலையில் பூண்டும் கேரட்டும் விளைகின்றன. பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் ரஸ்தா சுமார் 64 கிலோமீட்டர் தூரத்திற்குள் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம் ஏறுகிறது. எனினும் வண்டிக்கு உண்மையான பரீட்சை அந்தத் தார் ரோட்டிலன்று. அதிலிருந்து தோட்டங்களுக்குப் பிரியும் மண்பாதைகளிலேதான். அத்தகைய பாதைகளில் நெடுங்காலம் குதிரைகளே மூட்டை சுமந்தன. பிறகு அவ்வேலையின் பெரும்பகுதியை ஜீப் ஏற்றுக்கொண்டது.

ஜீப் யுத்தத்திற்காகப் பிறந்த வண்டியென்பது யாவரும் அறிந்ததே. ஆனால் யுத்தம் முடிந்த 1945-ஆம் வருஷத்திலேயே வில்லிஸ் கம்பெனியார் ‘சி.ஜே. 2ஏ’ என்னும் மாதிரியை உழவர்களுக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்தனர் என்பது பலருக்குத் தெரியாது. கலப்பை இழுப்பதற்கும், பண்ணை யந்திரங்களைச் சுழற்றுவதற்கும் வேண்டிய ஏற்பாடுகள் அதில் இருந்தன. நம் தேசத்தில் 1940-களின் இறுதியில் மஹீந்திரா கம்பெனியார் வில்லிஸ் வண்டிகளைத் தருவித்து இணைத்துக் கட்டத் தொடங்கினர். 1954 முதல் இங்கேயே உற்பத்தியும் நடந்தது. அவ்வம்சத்தில் வந்த பழைய வண்டிகள் இன்றும் மலைத் தோட்டங்களில் உழைக்கின்றன. அவற்றின் இஞ்சினைப் பற்றிக் கவலைப்படாத சொந்தக்காரர் இல்லை. அடியிலுள்ள பட்டைகளைக் குனிந்து பார்ப்பவரோ மிகச் சிலர்.

இவ்வண்டிகளில் முன்னும் பின்னும் உறுதியான அச்சு இருக்கிறது. எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்டால் கோத்து, யூ போல்டுகளால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். மெயின் பட்டையின் ஒரு நுனி சேசிஸில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். மறுநுனி ஷேக்கிள் என்னும் ஊசல் இணைப்பில் தொங்கும். சுமை ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளுகிறது. அந்த நீளத்திற்கு இடங்கொடுப்பதே ஷேக்கிளின் வேலை. அது துருவேறி இறுகிவிட்டால் பட்டைக்கு நீள வழியில்லை. அப்போது ஒவ்வொரு குழியின் அடியும் நேராகச் சேசிஸிலும் மெயின் பட்டையின் கண்ணிலும் விழுகிறது.

மூட்டைகளை ஏற்றியதும் வண்டியின் பின்புறம் அதிகமாகத் தாழ்ந்தால், சொந்தக்காரர் முதலில் செய்வது யாது? பட்டறைக்குப் போய், ‘கனமான பட்டையாக ஒன்று கூடுதலாகப் போடு’ என்று சொல்வதேயாகும். இதில் நஷ்டமே அதிகம். பட்டையின் விறைப்பு அதன் கனத்தைப் பொறுத்து மும்மடிக் கணக்கில் கூடுவது. மற்ற அளவுகள் மாறாமல் கனம் மட்டும் இரண்டு பங்கானால் விறைப்பு எட்டுப் பங்காகும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் ஏழரை மில்லிமீட்டர் பட்டை போட்டாலே அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் வித்தியாசம் வண்டிக்கு அவ்வளவு பெரிது.

விறைத்த பட்டையினால் வரும் கெடுதி உடம்பு குலுங்குவதோடு நிற்பதில்லை. மேடுபள்ளமான பாதையில் நான்கு சக்கரங்களும் தரையை விடாமல் பிடித்திருப்பதே ஜீப்பின் பலம். பட்டை வளையாவிட்டால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிபரன்ஷியல் உள்ள அச்சில், தொங்கும் சக்கரம் வீணே சுழல, தரையிலுள்ள சக்கரம் தள்ளும் வலுவை இழக்கும். வண்டி ஏறுவதற்கென்று செய்த மாற்றமே அதனை ஏறவொட்டாமல் தடுத்துவிடுகிறது. பட்டை தாங்காத அதிர்ச்சியைச் சேசிஸ் தாங்க வேண்டியிருப்பதால், பட்டை பூட்டிய தாங்கிகளின் அருகே வெடிப்புக் காண்பதும் உண்டு.

ஆகையால் புதிதாக எதையும் சேர்க்குமுன், இருப்பதன் நிலையை அறிதல் வேண்டும். வண்டியைச் சமதரையில் சுமையின்றி நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிசெய்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டின் கீழ் விளிம்பு வரை அளந்து நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் அதிகமாக வேறுபட்டால், தாழ்ந்த பக்கத்தில் பட்டை முறிந்திருக்கலாம், அல்லது தளர்ந்திருக்கலாம். இரு பக்கமும் ஒத்திருந்து, வண்டி ஓடும்போது மட்டும் ‘டக் டக்’ என்று ஒலித்தால் குற்றம் பெரும்பாலும் ஷேக்கிள் பின்னிலும் புஷ்ஷிலும் இருக்கும். கடப்பாரையின் நுனியை ஷேக்கிளுக்கடியில் கொடுத்து மெல்ல நெம்பினால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். பின்னையும் புஷ்ஷையும் மாற்றுவது பட்டை மாற்றுவதைவிடச் சுலபம், செலவும் குறைவு. இதனாலேயே பாதி வண்டிகள் குணமடையும் என்று சொல்வது மிகையாகாது.

கழற்றும் வேலையைத் தோட்டத்திலேயே செய்யலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சேசிஸுக்கு அடியில் உறுதியான மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியின் பாரம் முழுவதும் அக்கட்டைகளில் இறங்கிய பிறகே வேலை தொடங்க வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக் கல்லையும் உபயோகிக்கவே கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். பட்டைக் கட்டைப் பிரிக்கும்போது, சென்டர் போல்டைக் கழற்றுமுன் இருபுறமும் கிளாம்பு போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடக்கி வைத்த பட்டைகள் போல்டு விலகியதும் துள்ளியெழும். துளைகள் நேராயிருக்கின்றனவா என்று விரலை விட்டுப் பார்க்கும் வழக்கம் பல விரல்களைப் பறித்திருக்கிறது. அதற்கு ஒரு கம்பி போதும்.

பிரித்த பட்டைகளைக் கம்பிப் பிரஷ்ஷினால் துருப்போகத் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி நன்றாகத் துடைத்த பின்பு, சுண்ணாம்புக் கட்டித்தூளை நீரில் குழைத்து மெல்லிதாகப் பூசி உலரவிடுக. வெடிப்பிருந்தால் அதனுள் தங்கிய மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சின்மேல் கருங்கோடாகத் தெரியும். மெயின் பட்டையின் கண்ணருகிலும், சென்டர் போல்டுத் துளையைச் சுற்றியும் இவ்வாறு பார்த்தல் அவசியம். ஏனெனில் முறிவு அங்கேதான் தொடங்குகிறது.

முறிந்த பட்டையை வெல்டிங் செய்து போடுவது எவ்வளவு அவசரமாயினும் தகாது. பட்டை எஃகு பதப்படுத்திய உலோகம். வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். அதுவும் பெரும்பாலும் இறக்கத்தில், பாரம் முன்னச்சுக்கு வரும்போது. தளர்ந்த பட்டைக்கு வளைவு ஏற்றுவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சிவக்கக் காய்ச்சி அடித்து, அப்படியே ஆறவிட்டால் பட்டை மிருதுவாகிவிடும். சில லோடுகளிலேயே பழையபடி தாழும். காய்ச்சி வளைத்ததை எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, திரும்ப மிதமான சூடு கொடுத்துப் பதம் செய்யத் தெரிந்த பட்டறையிலேயே இவ்வேலையைக் கொடுக்க வேண்டும். அத்தகைய பட்டறை அருகில் இல்லையெனில் புதுப் பட்டை வாங்குவதே லாபம்.

உண்மையாகவே பாரம் தாங்க ஒரு பட்டை கூடுதலாக வேண்டுமானால், ஏற்கெனவே உள்ள அதே கனமும் அகலமும் உடையதாகப் பார்த்து, நீளத்தின் வரிசை கெடாமல் கீழ்ப்பகுதியில் சேர்க்க வேண்டும். எட்டுப் பட்டையுள்ள கட்டில் இவ்வாறு ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே கூடும். இடப்புறம் சேர்த்தால் வலப்புறமும் சேர்த்தல் வேண்டும். யுத்தகால ஜீப் கால் டன் வண்டி என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தது. இரண்டு மடங்கு மூட்டையை ஏற்றி, அதன்மேல் கூலியாட்களையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவோர், பட்டையைக் கூட்டினாலும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கூடவில்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சிலர் வண்டியை உயர்த்துவதற்காக நீளமான ஷேக்கிள் போடுகிறார்கள். இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஓரங்குலமே. ஆனால் முன்னச்சில் அவ்வாறு செய்தால் கிங் பின்னின் சாய்வு மாறி, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் குணம் குறையலாம். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த பாதையில் இது சிறு குறையன்று. மேலும், அச்சு சேசிஸிலிருந்து விலகிய அளவுக்கு பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும், ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுத்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. புரொப்பல்லர் ஷாப்டின் கோணம் மாறுவதால் கிராஸ்களும் சீக்கிரம் தேயும்.

கிராம அதிகாரிகளிடம் இவ்விஷயத்தில் அடிக்கடி யோசனை கேட்கப்படுவதால் சட்ட நிலைமையையும் இங்கே குறிப்பது பொருந்தும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாகும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அவ்வாறே தீர்ப்பளித்தது. தேய்ந்த பாகத்தை அதே அளவுள்ள பாகத்தால் மாற்றுவது பழுதுபார்ப்பே. பதினைந்து வருஷம் கடந்த சொந்த உபயோக வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது அதிகாரி வண்டியைப் பரிசோதிப்பாராதலால், வினோதமான உயர்த்தல்களைச் செய்துவிட்டு அன்று திண்டாடுவதில் பயனில்லை. அவ்வதிகாரிகளுக்கே உரிய மற்றொரு காரியமும் உண்டு. தோட்டப் பாதைகளின் குறுக்கே திடீரென வெட்டிய வடிகால்களே பட்டைகளின் பெருஞ் சத்துரு. அவ்விடங்களில் குழாய் பதித்து மண் மூடுவித்தால் பல வண்டிகள் பிழைக்கும்.

திரும்பப் பூட்டுகையில் பட்டைகளினிடையே கிராபைட் கலந்த கிரீஸை மெல்லிதாகத் தடவ வேண்டும். பழைய யூ போல்டுகள் இழுபட்டு நீண்டிருக்குமாதலால் புதியவற்றையே போடுதல் நலம். அவை தளர்ந்தால் பாரம் முழுவதும் சென்டர் போல்டில் விழுந்து, அது அறுந்து, அச்சு இடம் பெயரும். பித்தளைப் புஷ் உள்ள வண்டியில் நிப்பிள் வழியாகப் பழைய கிரீஸ் வெளிவரும் வரை புதுக் கிரீஸ் செலுத்துக. ரப்பர் புஷ் உள்ளதில் கிரீஸ் கூடாது. அதன் போல்டுகளை, வண்டியைத் தரையில் இறக்கிப் பாரம் பட்டையில் அமர்ந்த பிறகே முழுதும் இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கேறிக் கிழியும். ஷாக் அப்சார்பரைச் சோதிக்க, வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஓரிரு ஆட்டத்தில் நிற்க வேண்டும். நில்லாவிடில், அல்லது எண்ணெய் கசிந்தால், அதே அச்சிலுள்ள இரண்டையும் சேர்த்து மாற்றுக.

இவ்வேலைக்கு ஏற்ற காலம் ஐப்பசி மழைக்கு முந்திய புரட்டாசி. செப்பனிட்ட வண்டியில் முதலில் பாதிப் பாரமே ஏற்றி, சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்டு நட்டுகளை மறுபடியும் இறுக்கி, நோட்டிலுள்ள உயரங்களோடு புதிய உயரங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே மலைக்கு லோடு அனுப்ப வேண்டும்.